எழுந்து நடக்க முடியாதவரின் வீட்டுக்கு அதிகாரி வரவேண்டும்

முதியோர் நலனுக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளருக்கும், முதியோருக்கான தேசிய செயலகத்தின் அதிகாரிகளுக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை, வேண்டுமென்றே அவர்களைக் கைவிடக்கூடாது என்கிறது அது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடமையை இரவும் பகலும் செய்துகொண்டிருக்கும் மகள் ஓர் அரச அலுவலகத்தின் கருமபீடத்துக்கு முன்னால் போய் நின்றால், அவளுடைய சொல்லுக்கு என்ன மதிப்பு? அவள் கொண்டுபோகும் வைத்தியச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? கடந்த மாதம் எனக்கு அது நன்றாகவே தெரியவந்தது.

என் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. அரச பாடசாலையில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். பாரிசவாதத்துக்குப் பின் வலது கை மடங்கிப்போய்விட்டது. கையொப்பம் பழையதுபோல வருவதில்லை. ஓய்வூதியம் தொடர வேண்டுமானால் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளத்தைப் பதிய வேண்டும், அதற்கு ஆளை நேரில் கூட்டிவர வேண்டும் என்றார்கள். வைத்தியரின் கடிதத்தைக் காட்டினேன். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் காட்டினேன். ஆள் வரவேண்டும் என்பதே பதில்.

நாங்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் பழுதாகி நாளாயிற்று. தெருமுனையில் ஓட்டோ நிறுத்தும் இரண்டு தம்பிமாரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். பிளாஸ்டிக் கதிரையில் அம்மாவை இருத்தி, வழுக்கி விழாமல் இடுப்போடு ஒரு சேலையைச் சுற்றிக் கட்டினோம். படிக்கட்டு ஒடுக்கம், திருப்பங்களில் கதிரையைச் சரித்துத்தான் இறக்க முடிந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஆரும் பாக்கினமோ பிள்ளை?” என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன்.

அந்த அலுவலகமும் மேல்மாடியில்தான். பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் சென்றுவர வசதி செய்யவேண்டும் என்று 2006 ஆம் ஆண்டிலேயே வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வெளிவந்துவிட்டன. அங்கே ஒரு சாய்தளம்கூட இல்லை. அம்மா ஓட்டோவிலேயே இருந்தார். மதிய இடைவேளையும் கழிந்த பிறகு, இளம் எழுதுவினைஞர் ஒருவர் மைப்பெட்டியுடன் இறங்கி வந்தார். மடங்கிய விரலை மெதுவாகப் பிரித்து, மையில் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளையில் எனக்குக் குறையில்லை. போகும்போது அம்மாவின் விரலைத் துடைத்தும்விட்டார். அந்த ஒரு நிமிட வேலையைக் கட்டிலருகில் செய்திருக்கலாம் என்பதுதான் என் கோபம். ஆறிவந்த படுக்கைப்புண் அன்றைய அலைச்சலில் மறுபடியும் வெடித்துவிட்டது. இன்னும் ஆறவில்லை.

ஆகவே கேட்கிறேன்: எழுந்து நடக்க முடியாதவரின் வீட்டுக்கு அதிகாரி வரவேண்டும். அது இரக்கத்தின் பேரில் செய்யும் சலுகையாக இருக்கக்கூடாது, எழுதி வைத்த விதியாக இருக்கவேண்டும். தொலைபேசியில் பதிந்தால் ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். பெருவிரல் அடையாளமோ உயிர்வாழ் சான்றிதழோ முதியோர் அடையாள அட்டையோ, எதுவானாலும் கட்டிலருகில் முடியட்டும்.

ஆளணி இல்லை என்று சொல்லாதீர்கள். 2024 குடிசன மதிப்பீட்டுக்கு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார்கள். 2021 இல் நடமாட முடியாத முதியவர்களுக்கு இராணுவத்தின் நடமாடும் அணிகள் வீட்டுக்கே போய்த் தடுப்பூசி ஏற்றின. அரசுக்கு எங்கள் விபரம் தேவைப்பட்டபோது படிகள் தடையாக இருக்கவில்லை. நீங்கள் நடத்தும் நடமாடும் சேவைகளும் பாடசாலை மண்டபத்தோடு நின்றுவிடுகின்றன. மண்டபம் வரை வரக்கூடியவர் அலுவலகத்துக்கும் எப்படியாவது வந்துவிடுவார்.

என் தாய்க்காவது நினைவு தெளிவாக இருக்கிறது. கீழ்மாடியில் உள்ள அன்ரியின் நிலை இன்னும் மோசம். கணவருக்கு மறதி நோய். சுகமாக இருந்த காலத்தில், தன் சார்பில் செயற்பட அதிகாரம் அளித்து அவர் எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவம், அவருடைய அறிவு தடுமாறிய பிறகு செல்லாது என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். எந்த நாளுக்காக அதை எழுதி வைத்தார்களோ அந்த நாளில் அது உதவவில்லை. அவருடைய பணத்தில் அவருக்கு மருந்து வாங்குவதற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். எழுபது வயதான அந்த அன்ரி, நோயாளிக் கணவரை யாரிடம் விட்டுவிட்டுத் தவணைக்குத் தவணை நீதிமன்றம் ஏறி இறங்குவது? தெளிவான நினைவோடு இருக்கும்போது ஒருவர் நம்பி எழுதிக்கொடுக்கும் அதிகாரம் நினைவு போன பின்பும் நிலைக்கும்படி சட்டத்தைத் திருத்துவதற்கு நீங்கள் முன்மொழிய முடியாதா?

ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்தோடு சேர்த்து முதியோர் தினமும் கொண்டாடப்படுகிறது. மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள், அன்பளிப்புப் பொதி கொடுக்கிறார்கள். மேடை ஏறக்கூடிய முதியவருக்கே அந்தப் பொன்னாடை. 2012 கணக்கெடுப்பிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். அவர்களில் படுக்கையில் கிடப்பவர்களும், அவர்களுக்கு டயப்பர் மாற்றி, கரைத்துப் பருக்கி, வேலையையும் விட்டுவிட்டு இருக்கும் பெண்களும் எந்த மேடையிலும் இல்லை. எனக்கே அறுபது நெருங்குகிறது. தம்பி கனடாவிலிருந்து பணம் அனுப்புகிறான். ஆனால் அம்மாவைத் தூக்கிப் புரட்டுவது என் முதுகுதான்.

அன்று என்னிடம் நிரப்பச் சொல்லி நீட்டிய படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது என்பதையும் சொல்லாமல் விடமுடியவில்லை. தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. தன் ஓய்வூதியம் குறித்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே என் அம்மா அதில் விரல் வைத்தார்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சேவை வழங்குவதற்கான சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டு, அதை மூன்று மொழிகளிலும் எல்லாப் பிரதேச செயலகங்களுக்கும் அனுப்பி வையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த உயிர்வாழ் சான்றிதழுக்குரிய காலம் வருவதற்கு முன் அது வெளிவரவேண்டும். பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தாயைப் பராமரிக்கும் ஒரு மகள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06