பொண்ணுங்ககிட்டயும் எதிர் டீம் பிள்ளைங்ககிட்டயும் உங்க கோச் நடந்துக்கிற விதம் பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

என் ரெண்டு பிள்ளைங்களும் சென்னைல உங்க கிரிக்கெட் அகாடமி பிராஞ்ச் ஒண்ணுல கோச்சிங் வர்றாங்க, பொண்ணு அண்டர்-15 பேட்ச், பையன் அண்டர்-13. எந்த பிராஞ்ச், எந்த கோச், பிள்ளைங்களோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எல்லாம் உங்க ஃபார்ம்ல தனியா குடுத்திருக்கேன், அதனால இங்க யார் பேரும் எழுதல. முதல்ல உங்க ஆப்லதான் கம்ப்ளைன்ட் போட்டேன், யாரும் கூப்பிட்டு என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல, ஆனா 'ரிசால்வ்டு'ன்னு போட்டு மூடிட்டீங்க. அப்புறம் பிராஞ்ச் மேனேஜர நேர்ல போய் பாத்தேன், "அவரு கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டு மேடம், ஆனா ரிசல்ட் காட்றவரு, போகப்போக பழகிடும்"னாரு. இது பழகிக்க வேண்டிய விஷயம் இல்ல சார், அதான் ஹெட் ஆபீசுக்கு எழுதறேன்.

நாங்க ஏன் உங்ககிட்ட சேத்தோம்னு மொதல்ல சொல்லிடறேன். 2025 நவம்பர் 2ம் தேதி நவி மும்பைல நம்ம பொண்ணுங்க சவுத் ஆஃப்ரிக்காவ 52 ரன்ல ஜெயிச்சு வேர்ல்ட் கப் தூக்கினாங்க இல்லையா, அந்த வாரமே உங்க பேஜ்ல கேப்டன் ஹர்மன்பிரீத் போட்டோ போட்டு 'கேர்ள்ஸ் அட்மிஷன் ஓப்பன்'னு விளம்பரம் வந்துது. என் பொண்ணு ஆஃப் ஸ்பின் போடுவா, ஃபைனல்ல தீப்தி ஷர்மா அரை சதமும் அடிச்சு 5 விக்கெட்டும் எடுத்தத பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. சரி இவ்ளோ ஆசைப்படறாளேன்னு, தம்பியையும் சேத்து ஒரே இடத்துல விட்டா கூட்டிட்டு போய் வர்றது சுலபம்னு, மூணு மாசத்துக்கு ஃபீஸ் மொத்தமா கட்டினோம். ரெண்டு பேருக்கும் ஒரே ஃபீஸ்தான் வாங்கினீங்க, பொண்ணுக்குன்னு ஒரு ரூபா குறைக்கல, குறைக்கவும் வேணாம். ஆனா நெட்ஸ்ல என்ன நடக்குதுன்னு யாராவது வந்து நின்னு பாத்தீங்களா?

மொதல்ல பசங்க எல்லாரும் பேட்டிங் பௌலிங் முடிப்பாங்க, பொண்ணுங்க நாலு பேரும் அது வரைக்கும் பந்து பொறுக்கணும், வெளிச்சம் மங்கினதுக்கு அப்புறம்தான் இவங்க முறை வரும், அதுவும் "சீக்கிரம் சீக்கிரம் ஆறு பால் ஆடிட்டு வா"தான். பசங்களுக்கு கோச்சே த்ரோ டவுன் (கிட்ட நின்னு கையால பந்த எறிஞ்சு குடுக்கற பயிற்சி) போடறாரு, பொண்ணுங்களுக்கு அங்க ஹெல்ப்புக்கு இருக்குற அண்ணன் போடறாரு. பந்த பத்தியும் சொல்லணும், ஏன்னா இது ஏதோ அம்மா சென்டிமென்ட்ல பேசறேன்னு நினைச்சுடுவீங்க. கிரிக்கெட் விதிகள எழுதற எம்சிசி கிளப்போட ரூல்புக்ல ஆண்கள் பந்து 155.9ல இருந்து 163 கிராம், பெண்கள் பந்து 140ல இருந்து 151 கிராம், சுத்தளவும் கொஞ்சம் சின்னது. ஸ்பின் போடற கைக்கு அந்த வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு நான் உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. பொண்ணுங்களுக்கான ட்ரையல்ஸ்ல அந்த சின்ன பந்துதான் குடுப்பாங்க, அதனால வாரத்துல ஒரு நாளாவது அதுல போட்டு பழகட்டும்னு கேட்டேன், நானே வாங்கி தரேன்னும் சொன்னேன். அதுக்கு உங்க கோச் என் பொண்ணு முன்னாடியே, "பசங்க பந்துல போட முடியலன்னா எதுக்கு இங்க வரணும், வீட்ல ரப்பர் பந்துல ஆடலாமே"ன்னாரு. பக்கத்துல நின்ன பசங்க எல்லாம் சிரிச்சாங்க. அவ ஒண்ணும் பேசல, குனிஞ்சு ஷூ லேஸ கழட்டி மறுபடி கட்டிக்கிட்டே இருந்தா.

பொண்ணுங்க டிரஸ் மாத்துற ரூமுக்குள்ள போய் பாருங்க, பழைய நெட், ஸ்டம்பு, கயிறு, சுருட்டி வச்ச மேட்டு எல்லாம் அங்கதான் கிடக்கு, சாவி கிரவுண்ட்ஸ்மேன்கிட்ட, அவர் இல்லன்னா பொண்ணுங்க கார்ல கண்ணாடிய மறைச்சு மாத்திக்கணும். கார் இல்லாத பொண்ணு ஸ்கூல் யூனிஃபார்ம் உள்ளயே ட்ராக் பேண்ட் போட்டுட்டு வருது, இந்த வெயில்ல.

அவரு சொன்னதுலயே மோசமானது இது. ரன்னிங் பயிற்சி நடக்கும்போது, "பொண்ணுங்க எல்லாம் பின்னாடி தனியா ஓடுங்க, நீங்க முன்னாடி ஓடினா பசங்க கவனம் சிதறுது, இனிமே லூசா டிரஸ் போட்டுட்டு வாங்க"ன்னு மைதானமே கேக்கற மாதிரி சொல்லியிருக்காரு. 13, 14 வயசு பிள்ளைங்க சார். ஒரு பொண்ணு அடுத்த வாரத்துல இருந்து வரவே இல்ல, அவங்க அம்மாகிட்ட பேசினேன், காரணம் இதுதான்னு சொன்னாங்க. பசங்க கவனம் சிதறினா பசங்களுக்குத்தானே பாடம் எடுக்கணும், பிள்ளைங்க உடம்ப பத்தி மைக் இல்லாத குறையா பேசறதுக்கு அவருக்கு யார் உரிமை குடுத்தா?

இப்ப மேட்ச் விஷயத்துக்கு வரேன், இது என் பையன் டீம். உங்க அகாடமியும் இன்னொரு அகாடமியும் ஆடின லீக் மேட்ச், நான் பவுண்டரி பக்கத்துல நிழல்ல உக்காந்து முழுசா பாத்தேன். எதிர் டீம்ல ஒரு பொண்ணு, 11 வயசு இருக்கும், லெக் ஸ்பின். அவ பந்து எடுத்ததுமே நம்ம கோச் வெளில இருந்து "பொண்ணு பந்துடா, கண்ண மூடிட்டு தூக்கு"ன்னு கத்தறாரு. என் பையன் தூக்கப் போனான், பந்து திரும்பி உள்ள வந்து போல்டு. நல்ல பந்து, அவ்ளோதான், கைதட்ட வேண்டிய பந்து. தலைய குனிஞ்சிட்டு வெளில வந்தவன்கிட்ட இவரு, "ஒரு பொண்ணுகிட்ட அவுட் ஆயிட்டு வர்றியே, வளையல் வாங்கித் தரட்டுமா?"ன்னு கேட்டாரு, டீம் மொத்தமும் கேட்டுது, அந்த பொண்ணுக்கும் கேட்டிருக்கும். கால்ல கட்டின பேட கூட அவுக்காம மரத்துக்கு பின்னாடி போய் அழுதான்.

அப்புறம் அந்த பொண்ணு பேட்டிங் வந்தா. "எல்லாரும் கிட்ட வாங்கடா, இவளால உங்க தலைக்கு மேல தூக்க முடியாது, பேசிக்கிட்டே இருங்க"ன்னு கோச்சே சொல்றாரு, பசங்களும் பௌலர் ஓடி வரும்போதெல்லாம் "சமைக்க போ, சமைக்க போ"ன்னு கத்தறாங்க. பந்த எதிர்கொள்ற பேட்டர வேணும்னே திசை திருப்பினா அது டெட் பால், அந்த பந்து கணக்குல வராது, பேட்டிங் டீமுக்கு 5 பெனால்டி ரன் போகும், எம்சிசி ரூல்புக் விதி 41லயே இருக்கு. அம்பயரா நின்னது ஒரு காலேஜ் பையன், அவன் ரெண்டு தடவ தயங்கி தயங்கி சொல்லிப் பாத்தான், அதுக்கு நம்ம கோச் கிரவுண்டுக்குள்ளயே நடந்து போய் "நீ எத்தன மேட்ச் பாத்திருக்க?"ன்னு அவன்கிட்ட எகிறினாரு. கடைசில தோத்தோம். எதிர் டீம் பிள்ளைங்க தொப்பிய கழட்டிட்டு கை குடுக்க வரிசையா நின்னுட்டு இருக்காங்க, அவங்க கோச் நம்ம பக்கமே பாத்துட்டு நிக்கறாரு, இவரு "வண்டில ஏறுங்கடா"ன்னு பசங்கள கிளப்பிட்டாரு. நானும் இன்னொரு பையனோட அப்பாவும் போய் அந்த பிள்ளைங்களுக்கு கை குடுத்துட்டு, அந்த பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்தோம். கேட்டிருக்க வேண்டியது நீங்க.

கிரிக்கெட் சட்டப் புத்தகத்துக்கு முன்னுரையே ஆட்டத்தோட பண்பு பத்திதான். எதிரணிய மதிக்கணும், அம்பயர மதிக்கணும், ஜெயிச்சாலும் தோத்தாலும் ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லணும்னு இருக்கு. நேர்மையா ஆட வைக்கற பொறுப்பு கேப்டனுக்கு மட்டும் இல்ல, ஜூனியர் கிரிக்கெட்ல முக்கியமா டீச்சர், கோச், பெத்தவங்களுக்கும் இருக்குன்னு அதுலயே எழுதியிருக்கு. இத படிக்காமலா சர்டிஃபைடு கோச்சுன்னு போர்டுல போட்டிருக்கீங்க?

வீட்ல நடந்ததையும் சொல்லிடறேன், எனக்கு பெரிய வலி இதுதான். என் பையனுக்கு மொத மொதல்ல பந்து போட்டு பழக்கினதே அவங்க அக்காதான், மொட்ட மாடில தினமும் சாயங்காலம் ஆடுவாங்க. அந்த மேட்சுக்கு அப்புறம் அவ போடறேன்னா இவன் பேட் பிடிக்க மாட்டேங்கறான், "பொண்ணு பந்துல ஆடினா கேம் கெட்டுடும்"னு அக்கா மூஞ்சிக்கு நேரா சொல்றான். இது எங்க வீட்டு பேச்சு இல்ல. நாங்க காசு கட்டி, ஆட்டோ வச்சு, நேரத்துக்கு சோறு ஊட்டி அனுப்பி, இத கத்துக்கிட்டு வந்திருக்கான். பொண்ணுக்கு மட்டும் கெடுதல் நடக்குதுன்னு நினைக்காதீங்க, அங்க வர்ற அத்தன பசங்களும் கெட்டுட்டு இருக்காங்க.

அவருக்கு கிரிக்கெட் தெரியாதுன்னு நான் சொல்லவே இல்ல. என் பையன் முன்னங்கால நகர்த்தவே மாட்டான், இப்ப அழகா ஃப்ரண்ட் ஃபுட் போறான், அது அவர் வேலைதான். ஆனா ஆட்டம் சொல்லிக் குடுக்கறவர் வாய்ல இருந்து வர்றது எல்லாமே பிள்ளைங்க மண்டைல போய் உக்காருது. ஷெஃபாலி வர்மாவ சின்ன வயசுல ரோத்தக்ல அகாடமிங்க சேத்துக்கல, முடிய வெட்டி பையன் மாதிரி கூட்டிட்டு போய் சேத்தாங்க, அந்த பொண்ணுதான் வேர்ல்ட் கப் ஃபைனல்ல 87 அடிச்சுது. வேர்ல்ட் கப்ல சதம் அடிச்ச முதல் இந்தியப் பெண் திருஷ் காமினி, 2013ல, நம்ம சென்னைக்காரங்க. நம்ம தமிழ்நாட்டு பொண்ணு கமலினிய 16 வயசுல பெண்கள் பிரீமியர் லீக் (டபிள்யூபிஎல்) ஏலத்துல 1.6 கோடிக்கு எடுத்தாங்க. 2022லயே பிசிசிஐ ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ்னு அறிவிச்சாச்சு, டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒன்டேக்கு 6, டி20க்கு 3. இவ்ளோ நடந்த பிறகும் உங்க கோச் சமையலையும் வளையலையும் விட்டு வெளில வரல.

எனக்கு ஃபீஸ் ரீஃபண்ட் வேணாம், "வேற பேட்சுக்கு மாத்திடறோம்"னு மேனேஜர் சொன்னதும் வேணாம், ஏன்னா அப்ப மத்த பொண்ணுங்க அங்கயே மாட்டிக்கும். அவர் மேல முறையா விசாரணை வைங்க, பிள்ளைங்கள தனித்தனியா அவங்க பெத்தவங்களோட உக்கார வச்சு கேளுங்க, அது முடியற வரைக்கும் அவர பிள்ளைங்க பக்கம் விடாதீங்க. எதிர் அகாடமிக்கும் அந்த பொண்ணுக்கும் அந்த அம்பயர் தம்பிக்கும் கம்பெனி லெட்டர்ஹெட்ல மன்னிப்பு போகணும். நெட்ஸ் முறை எழுதி போர்டுல ஒட்டுங்க, பொண்ணுங்களுக்கு அவங்க சைஸ் பந்து வாங்குங்க, அந்த ரூம காலி பண்ணி உள்ள இருந்து தாழ்ப்பாள் போடுற மாதிரி பண்ணுங்க. முடிஞ்சா ஒரு பெண் கோச் போடுங்க, ஆடி முடிச்ச நல்ல பிளேயர்ஸ் இந்த ஊர்ல இருக்காங்க.

இன்னொண்ணு. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல ஸ்போர்ட்ஸ் இன்ஸ்டிடியூட், ஸ்டேடியம் எல்லாம் வேலை இடம்னே பேர் சொல்லி இருக்கு, எந்த வயசு பொண்ணும் புகார் குடுக்கலாம். 10 பேர் வேலை பாத்தாலே உள் புகார் கமிட்டி கட்டாயம். உங்க கமிட்டில யார் யார் இருக்காங்கன்னு எந்த பிராஞ்ச்லயும் ஒட்டி வச்சு நான் பாக்கல, வெப்சைட்லயும் இல்ல. டிரஸ் பத்தி பேசின விஷயத்த அந்த கமிட்டி எடுக்கணும். நீங்க எடுக்கலன்னா நான் சைல்ட்லைன் 1098க்கும் போவேன், சேவை குறைபாடுன்னு கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கும் போவேன், இன்னும் ரெண்டு மூணு பெத்தவங்க என்கூட கையெழுத்து போட தயாரா இருக்காங்க. 2023ல நம்ம மல்யுத்த வீராங்கனைங்க பாலியல் தொல்லை புகாருக்கு டெல்லி ஜந்தர் மந்தர் ரோட்ல உக்காந்து நியாயம் கேட்டத நாடே பாத்துது, சின்ன லெவல்லயே கேட்டு சரி பண்ணியிருந்தா யாரும் ரோட்டுக்கு வர வேண்டியதில்ல.

பதில் மெயில்ல எழுத்துல வேணும், ஃபோன்ல சமாதானம் பேச வேணாம். அடுத்த லீக் மேட்சுக்கு முன்னாடி வரணும், அது வரைக்கும் பையன அந்த டீம்ல ஆட அனுப்பல. பொண்ணு மட்டும் வழக்கம் போல நெட்ஸுக்கு வருவா, அவளுக்கு ட்ரையல்ஸ் வருது, இந்த புகார காட்டி அவ நேரத்துல ஒரு ஓவர் கூட குறையக் கூடாது.

இப்படிக்கு,
உங்க அகாடமில ரெண்டு பிள்ளைங்கள சேத்திருக்குற அம்மா