வாட் கணக்கு மட்டும் போதாது: எல்இடி விளக்கு உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தியாளர்களுக்கு வணக்கம்.

மாட்டுத் தொழுவம், கோழிப் பண்ணை, லேத் பட்டறை, மர வேலைக்கூடம் போன்ற இடங்களுக்கு விளக்கமைத்துக் கொடுக்கும் மின்பணியாளன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். இத்தகைய இடங்களுக்கென நீங்கள் விற்கும் எல்இடி விளக்குகளின் பெட்டியிலும் விவரத்தாளிலும், வாங்குபவர் முடிவெடுக்கத் தேவையான தகவல்களை முழுமையாக அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எல்இடியின் சிக்கனத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) மட்டுமே தந்தது. இன்றைய தரமான எல்இடி விளக்கு 100 முதல் 150 லூமன் வரை தருகிறது. உயரமான கூரையிலிருந்து தொங்கும் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு, தன் சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 450 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 150 வாட் எல்இடி போதுமென்றால், நாளுக்குப் பத்து மணி நேரம் எரியும் ஒரே விளக்கில் 3 யூனிட் மிஞ்சும். ஆண்டு முழுவதற்கும் அது 1,100 யூனிட்டுக்குச் சற்றே குறைவு. நீல எல்இடியை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டதே, ஆற்றலைச் சேமிக்கும் வெள்ளொளிக்கு அது வழிதிறந்தது என்பதற்காகத்தான். ஆனால் அந்தச் சேமிப்பு, விளக்கு சொன்ன காலம்வரை எரிந்தால்தான் பயனாளியின் கையில் சேரும். இரண்டே ஆண்டில் கழற்றி எறியப்படும் விளக்கு, மின்கட்டணத்தில் மிச்சப்படுத்தியதை மாற்று விளக்குக்கும் ஏணி வேலைக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் நீங்கள் அச்சிடும் "50,000 மணி நேரம்" என்ற ஆயுளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அது எல்இடி சில்லின், அதாவது விளக்கினுள் ஒளியை உமிழும் சிறு துண்டின், ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காட்டுக்குக் குறையும் காலத்தைக் குறிப்பது. எல்70 என்று உங்கள் பொறியாளர்கள் அதைச் சொல்வார்கள். எல்எம்-80 முறையில் சில்லைச் சோதித்து, டிஎம்-21 முறையில் கணக்கிட்டு அந்த எண்ணுக்கு வருகிறீர்கள். சோதித்த காலத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல் ஆயுள் சொல்ல டிஎம்-21 இடம் தருவதில்லை. ஆகவே 6,000 மணி நேரச் சோதனையைக் கொண்டு 36,000 மணிக்கு மேல் உரிமை கோர முடியாது. அதைவிட முக்கியமானது, இந்தச் சோதனை சில்லைப் பற்றியது மட்டுமே. களத்தில் நான் கழற்றும் விளக்குகளில் பெரும்பாலானவற்றில் சில்லு நன்றாகவே இருக்கும், அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற மின்சுற்றுதான் போயிருக்கும். டிரைவருக்குள் இருக்கும் மின்பகு கெபாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 25 டிகிரி சூழலுக்குக் கணக்கிட்ட விளக்கை, நண்பகலில் கொதிக்கும் தகரக் கூரைக்கு அடியில், தூசும் ஒட்டடையும் போர்த்திய நிலையில் தொங்கவிட்டால், அச்சிட்ட ஆயுளுக்கும் கிடைக்கும் ஆயுளுக்கும் தொடர்பே இராது. எந்தச் சூழல் வெப்பம்வரை இந்த விளக்கு தாங்கும், அந்த வெப்பத்தில் டிரைவரின் ஆயுள் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சில்லின் ஆயுளுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

தொழுவத்தில் வெப்பத்தைவிடக் கொடிய பகை காற்றில் இருக்கிறது. சாணமும் மூத்திரமும் வெளிவிடும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கிறது. பாலிகார்பனேட் மூடிகளை நாளடைவில் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. சாணக்குழியிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, சில்லுக்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பூச்சைக் கறுக்கச் செய்கிறது. அப்போது விளக்கு அணைவதில்லை, மங்கிக்கொண்டே போகிறது. வாட் குறையாததால் மின்கட்டணம் அப்படியே இருக்க, ஒளி மட்டும் கரைந்துபோவதைப் பண்ணையாளர் நெடுநாள் கவனிப்பதேயில்லை. தூசு, நீர்ப் பாதுகாப்பைக் காட்டும் ஐபி65 குறியை அச்சிட்டுவிட்டு "பண்ணைக்கு ஏற்றது" என்கிறீர்கள். அதில் 6 என்பது தூசு புகாது என்பதையும், 5 என்பது குழாய் நீர்ப் பீய்ச்சலைத் தாங்கும் என்பதையும் மட்டுமே சொல்கின்றன. அமோனியாவைப் பற்றி அந்தக் குறி ஒன்றும் சொல்வதில்லை. உயரழுத்தத்தில் வெந்நீர் பாய்ச்சிக் கழுவும் பால் கறவைக்கூடத்துக்கு ஐபி69 அளவிலான பாதுகாப்பு வேண்டும். மூடி என்ன பொருளால் ஆனது, அடைப்பு வளையம் எதனால் ஆனது, அமோனியாவில் சோதிக்கப்பட்டதா என்பவற்றை விவரத்தாளில் சொல்லாத விளக்கைத் தொழுவ விளக்கு என்று விற்பது சரியல்ல.

பட்டறைக்கு வந்தால், நான் மிகவும் அஞ்சுவது மினுக்கலுக்குத்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான டிரைவர் கொண்ட விளக்கு, கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும் லேத்தின் நான்கு தாடைப் பிடிப்பானை, அதாவது வேலைப்பொருளைக் கவ்வும் 'சக்' என்பதை, அந்த ஒளியில் பாருங்கள்: ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே அது சரியாகக் கால் சுற்றுச் சுற்றியிருக்கும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்பதால், முழு வேகத்தில் சுழலும் சக் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கழுத்து வலியோடும் களைத்த கண்களோடும் வேலை செய்யும் ஒருவர், நின்றுவிட்டது என்றெண்ணிக் கை நீட்டுவதற்கு ஒரு நொடி போதும். மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2015இல் வெளியிட்ட 1789 எண் பரிந்துரை, 90 ஹெர்ட்ஸுக்கு மேல், அதிர்வெண்ணை 0.08ஆல் பெருக்கினால் கிடைக்கும் விழுக்காட்டுக்குள் ஒளியின் ஏற்ற இறக்கம் அடங்கினால் தீங்கு குறைவு என்கிறது. 100 ஹெர்ட்ஸில் அது 8 விழுக்காடு. உங்கள் விளக்கின் எண் எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அளந்திருப்பீர்கள். அதைப் பெட்டியில் அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரி ஒருவருடைய விரல்களைக் காக்கும் என்பதால், இதைக் கோரிக்கையாக மட்டுமன்றி வலியுறுத்தலாகவே எழுதுகிறேன். கோழிப் பண்ணையாளரும் இதே எண்ணைக் கேட்பார், ஏனெனில் கோழியின் கண் மனிதக் கண்ணைவிட வேகமான மினுக்கலை உணர்கிறது.

எவ்வளவு ஒளி வேண்டும் என்ற கேள்விக்கு, "400 வாட்டுக்கு இணை" என்பது விடையாகாது. ஐரோப்பியப் பணியிட ஒளித்தரமான ஈஎன் 12464-1, சாதாரண இயந்திர வேலைக்கு 300 லக்ஸும் நுண்ணிய வேலைக்கு 500 லக்ஸும் கேட்கிறது. கால்நடைக் கொட்டகைக்கு 50 லக்ஸும், கன்று ஈனும் இடத்துக்கும் நோயுற்ற விலங்குகளின் அடைப்புக்கும் 200 லக்ஸும் போதும் என்கிறது. லக்ஸ் என்பது வேலை நடக்கும் பரப்பில் விழும் ஒளி. ஒரே விளக்கை இருமடங்கு உயரத்தில் மாட்டினால், அதற்கு நேர் கீழே விழும் ஒளி ஏறத்தாழக் கால் பங்காகக் குறைந்துவிடும். ஆகவே மொத்த லூமனும் ஒளி விரியும் கோணமும் தெரியாமல் எத்தனை விளக்கு வேண்டுமென்று யாராலும் கணக்கிட முடியாது. கணக்கில்லாதபோது பயத்தில் கூடுதலாக மாட்டுகிறோம், சேமிப்பு அங்கேயும் வீணாகிறது.

விலங்குகளுக்கு ஒளியைப்போலவே இருளும் தேவை. கறவை மாடுகளுக்கு நாளில் 16 மணி நேர நல்ல ஒளியும் 8 மணி நேர இருளும் பால் அளவைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் நெடுங்காலமாகக் காட்டுகின்றன. பால் வற்றிய சினைமாடுகளுக்கோ குறுகிய பகலே நல்லது. இரவில் மேற்பார்வைக்கு மங்கிய சிவப்பு விளக்கு உதவும், ஏனெனில் சிவப்பு ஒளியை மாட்டின் கண் குறைவாகவே உணர்கிறது. எனவே ஒளியைக் குறைக்கும் வசதியும் நேரக் கட்டுப்பாடும் தொழுவ விளக்குக்கு அடிப்படைத் தேவைகள். குறைக்கும்போது மினுக்கல் கூடுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, காயம், வீக்கம், கம்பியின் நிறம் ஆகியவற்றைக் கண்டறிய வேண்டிய இடங்களில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்லும் நிறக் காட்சிக் குறியீடு 80க்குக் குறையக் கூடாது. சிவப்பைத் தனியே அளக்கும் ஆர்9 மதிப்பையும் கொடுத்தால் கால்நடை மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

மோட்டாரை அடிக்கடி இயக்கி நிறுத்தும் பட்டறையிலும், நீண்ட மேல்நிலைக் கம்பியின் முனையில் இருக்கும் பண்ணையிலும், மின்னழுத்தம் திடீரென எகிறி டிரைவரை எரித்துவிடுகிறது. எத்தனை கிலோவோல்ட் எகிறலைத் தாங்கும் என்ற எண்ணைத் தெருவிளக்குக்குத் தவறாமல் அச்சிடும் நீங்கள், பட்டறை விளக்குக்கு மட்டும் அதை விட்டுவிடுவதற்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை.

கடைசியாக, டிரைவரைத் தனியே கழற்றி மாற்றும்படி விளக்கைச் செய்யுங்கள். அதே அளவு டிரைவர் எத்தனை ஆண்டுகள் கடையில் கிடைக்கும் என்பதை உறுதிமொழியாக எழுதிக் கொடுங்கள். பசை போட்டு மூடிய விளக்கில் ஒரு சிறு உறுப்பு பழுதானால், நல்ல சில்லும் அலுமினிய உடலும் மூடியும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. திருகாணியில் திறக்கும் ஒரு மூடியும் தரமான அடைப்பு வளையமும் இதைத் தடுக்கும். இவற்றால் விலை சற்றுக் கூடும் என்பதை அறிவேன். காரணத்தையும் எண்களையும் பெட்டியிலேயே காட்டினால், அந்தக் கூடுதல் விலையைப் பண்ணையாளரிடமும் பட்டறைக்காரரிடமும் எடுத்துச் சொல்ல என்னைப் போன்ற மின்பணியாளர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் அடுத்த விவரத்தாளில் இந்த எண்களை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பண்ணைகளிலும் பட்டறைகளிலும் விளக்கமைக்கும் ஒரு மின்பணியாளன்