மல்லிகாவுக்கு, சின்னவனின் வரிக் கணக்கு பற்றி

திருப்பூர்
9.11.2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் கிடைத்தது. மூட்டு வலி தேவலை என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். உடனே பதில் போடாததற்குக் காரணம், உன் சின்னவன் ஆன்லைனில் பணம் கட்டி ஆடி ஜெயித்ததற்கு வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டுமா என்று நீ கேட்டிருந்த விஷயம்தான். எங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

"ஆப்பிலேயே 30 சதவீதம் பிடிச்சுட்டாங்க, இப்ப அந்த ஆட்டத்தையே தடை பண்ணியாச்சு, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?" என்கிறானாமே. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது போன ஆகஸ்டில். அவன் ஜெயித்தது 2024-25ல். ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்பதற்காக, வந்த பணத்தின் வரி போய்விடாது. செப்டம்பரோடு கெடு முடிந்துவிட்டது என்று பதறாதே. டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம்.

நீ எழுதியிருந்த கணக்கையே எடுத்துக்கொள். வருடம் முழுக்க அவன் போட்டது 80,000. எடுத்தது 1,50,000. ஆரம்பத்திலும் கடைசியிலும் ஆப்பில் இருப்பு இல்லை. ஆக ஜெயித்தது 70,000. அதில் 21,000 டிடிஎஸ், அதாவது ஆப்காரர்களே பிடித்துக் கட்டும் வரி, போக 1,29,000 கைக்கு வந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து இதுதான் முறை. ஆப்காரர்கள் சும்மா தரும் போனஸை அவன் போட்ட பணமாகக் கழிக்க மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள். அந்த 21,000 வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி உண்டு. அதை ஆப்பில் பிடிப்பதில்லை. அந்த 840 ரூபாயை அவனே கட்ட வேண்டும். சம்பளம் கழிவு போக மூன்று லட்சத்துக்குள்தான் என்றாலும் ஜெயித்த பணம் சேர்ந்ததும் மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது, அதனால் ரிட்டர்ன் கட்டாயம். தாமதக் கட்டணம் 1,000, கொஞ்சம் வட்டி, அவ்வளவுதான்.

நெட் சென்டரில் யாரோ, "சம்பளத்துக்கு வரி இல்லை, பிடித்ததை ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்" என்றாராம். வேண்டவே வேண்டாம் மல்லிகா. இந்த வருமானத்துக்கு வரியில்லா வரம்பு எதுவும் கிடையாது. முதல் ரூபாயில் இருந்தே 30 சதவீதம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் இதற்குச் செல்லாது, ஐடிஆர்-2 போட வேண்டும். பிடித்த தொகை அவன் பான் எண்ணில் 26ஏஎஸ் என்ற வரித்துறைப் பதிவில் ஏறியிருக்கும். அதை மறைத்தால் நோட்டீஸ் வீடு தேடி வரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? எங்கள் பெரியவனும் ரம்மி ஆடினான். ராத்திரி ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு. ஆடுகிறவரிடம் ஆதார் கேட்க வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட விடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி வந்தது இந்த வருடம்தான். எங்களுக்கு அது ரொம்பத் தாமதம். 2023-24ல் 60,000 ஜெயித்தேன் என்று அவன் வாயால் சொல்லித்தான் தெரியும். ஸ்வீட் எல்லாம் வாங்கி வந்தான்.

ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது ஆடிட்டர் பாங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டார். நான் மில் ஆபீசில் இருபது வருடம் வரவு செலவு எழுதினவள் இல்லையா, பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தேன். போட்டது ஒரு பக்கம், எடுத்தது ஒரு பக்கம். பழைய பக்கங்களையும் புரட்டச் சொன்னேன். அதற்கு முந்தின வருடம் மட்டும் 2,40,000 போயிருந்தது. அதில் மருமகளின் வளையலை அடகு வைத்த பணமும் இருந்தது. கூட்டிப் பார்த்துவிட்டு நான் எதுவும் பேசவில்லை. அவன்தான் அழுதான்.

"அந்த நஷ்டத்தை இதில் கழிக்க முடியாதாம்மா?" என்று கேட்டான். முடியாது. சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஏப்ரல் ஒன்றாம் தேதி எல்லாமே புதிதாக ஆரம்பிக்கும். இரண்டு வருடத்தையும் சேர்த்தால் 1,80,000 தோற்றவன், அதற்கு மேல் 18,720 வரியும் கட்டினான். எனக்கு முதலில் சர்க்கார் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். கழிக்கலாம் என்று இருந்திருந்தால், விட்டதை அதிலாவது பிடிக்கலாம் என்று இன்னும் நாலு ஆட்டம் ஆடியிருப்பான். இன்றைக்கு எனக்கு அந்தக் கோபம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், ரிட்டர்னை வெளியில் கொடுத்துவிட்டு நீ ஒதுங்கிவிடாதே. முதலில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். 2024-25 மட்டும் போதாது, இரண்டு மூன்று வருடத்துக்குப் பாருங்கள். திட்டாதே. கூட்டல் அவன் கையாலேயே போடட்டும். இந்த ஏப்ரலுக்குப் பிறகு ஏதாவது ஜெயித்திருந்தால் அதையும் தனியாகக் குறித்து வைக்கச் சொல். அடுத்த வருட ரிட்டர்னில் அது வரும்.

பெரியவன் இப்போது போனில் ஆப் எதுவும் வைத்திருக்கவில்லை. வளையலைப் போன ஆவணியில் மீட்டுவிட்டோம்.

டிசம்பர் முதல் வாரம் நான் மதுரை வருகிறேன், தங்கை வீட்டு விசேஷம். ஒரு நாள் உன் வீட்டில் தங்குகிறேன். கணக்கு அதற்குள் முடியவில்லை என்றால் நோட்டை எடுத்து வை, சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
உன் சாரதா