இரண்டாம் பருவ முடிவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. திருக்குறள் ஒப்புவித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், சின்ன வகுப்பு உயிரெழுத்தை முடித்துவிட்டது, எல்லோருக்கும் பாராட்டு. (தமிழ் படிக்க வராத வீடுகளில் தாத்தா பாட்டி யாராவது இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஆங்கில நகலும் வரும், ஆனால் அதில் நான் இவ்வளவு பேசமாட்டேன்.)

சரி, கால்பந்துக்கு வருகிறேன்.

நம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் நம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் காலுக்குப் பந்து வந்தது. இந்தப் பக்கம் அப்பா "அடிடா" என்கிறார், அந்தப் பக்கம் மாமா "பாஸ் குடு" என்கிறார், பயிற்சி தரும் தம்பி வேறென்னவோ சொல்கிறார். பையன் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், பந்து தானாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இடைவேளையில் கொடுத்த ஆரஞ்சுச் சுளையைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் "என் மகனை ஏன் பெஞ்சில் உட்காரவைத்தீர்கள்" என்று நள்ளிரவு வரை சண்டை. ஆதங்கம் புரிகிறது. பிள்ளை வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

அதனால்தான் காலைக் கூட்டத்தில் நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்து வீரர் பென்னி மெக்கார்த்தியைப் பற்றிப் பேசினேன். கேப் டவுன் ஹானோவர் பார்க் பையன். 1998 ஆப்பிரிக்கக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக 13 நிமிடத்தில் 4 கோல், அதே ஆண்டு டென்மார்க்குக்கு எதிராக அடித்தது உலகக் கோப்பையில் நம் நாட்டின் முதல் கோல். பஃபானா பஃபானாவுக்காக, அதாவது நம் தேசிய அணிக்காக, மொத்தம் 31. 2004 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் இவர் ஆடிய போர்ச்சுகல் கிளப் போர்ட்டோ, இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெடை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் இவருடையது. அப்படிப்பட்டவர், அதே போட்டியில் போர்ட்டோ இறுதி ஆட்டத்துக்குப் போனபோது, அந்த ஆட்டம் தொடங்கும்போது எங்கே இருந்தார் தெரியுமா? பெஞ்சில். கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் இறக்கினார்கள். 2010இல் உலகக் கோப்பை நம் ஊருக்கே, மோசஸ் மபிடா அரங்கத்துக்கே வந்தது, அணிப் பட்டியலில் இவர் பெயர் இல்லை.

அப்புறம் பயிற்சியாளரானார். 2018இல் கேப் டவுன் சிட்டி கிளப்புக்கு எம்டிஎன்8 என்ற நம் நாட்டுக் கோப்பை. 2020 டிசம்பரில் நம் டர்பன் கிளப் அமாசுலுவுக்கு வந்தார், அந்தப் பருவமே லீக்கில் இரண்டாம் இடம், கிளப் முதல்முறையாக ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது. 2022 மார்ச்சில் அந்த வேலையும் போயிற்று. சில மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெடில், எந்த அணிக்கு எதிராக கோல் அடித்தாரோ அதே அணியின் முன்வரிசைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். 2025இல் கென்ய தேசிய அணி. யார் ஆடுவது, யார் உட்காருவது என்று இப்போது முடிவு செய்கிறவர் அவர்.

கதையை முடித்ததும் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அவரை உட்காரவைச்சப்போ அவங்க அப்பா வந்து கத்தினாரா சார்?" பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அடுத்த பருவத்திலிருந்து பெற்றோர் கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கை தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆனால் எப்படி ஆடுவது என்று கத்தக் கூடாது. நடுவரிடம் போய் நிற்கவே கூடாது. யார் ஆடுவது என்பது பயிற்சியாளர் முடிவு. கேள்வி இருந்தால் அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னிடம் வாருங்கள், குழுவில் எழுதாதீர்கள். மீறினால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். யாருடைய அப்பாவாக இருந்தாலும் சரி.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. இந்தக் குளிரில் விடியற்காலை எழுந்து வண்டியில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் நீங்கள்தான். ஜெர்சி துவைத்துத் தந்த அம்மாக்களுக்கும், சம்பளம் வாங்காமல் பயிற்சி தரும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. அந்த அப்பாவும் மறுவாரமே வந்து தம்பியிடம் பேசிவிட்டுப் போனார், அவருக்கும்.

மைதானத்தில் விட்டுப்போன எவர்சில்வர் தூக்கு ஒன்று என் அறையில் இருக்கிறது. மூடி கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்