சஷ்டிக்கு முன் மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது, கிணற்றில் தண்ணி ஏறுகிறது. மற்றப் புதினமெல்லாம் அம்மா சொல்லியிருப்பா.

இந்த முறை கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியோடு இருக்கப் போகிறாயாம். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். நான் அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை.

இரசாயனத்தில் ஆவர்த்தன அட்டவணையின் கூட்டம் ஒன்றை, சோடியம், இலிதியம் இருக்கிற நிரலை, நான் உனக்குப் படிப்பித்தது ஞாபகம் இருக்கும். சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் அமிழ்த்தி வைப்போம். இலிதியத்தை அப்படி வைக்க ஏலாது, மேலே மிதக்கும். அடர்த்தி 0.534தான், உலோகங்களுக்குள் ஆகப் பாரம் குறைந்தது. அதன் உப்பைப் பிளாற்றினக் கம்பியில் தொட்டுச் சுவாலையில் பிடித்தால் வருகிற கடுஞ்சிவப்பை நீ கலர்ப் பென்சிலால் அப்படியே கீறியிருந்தாய். வகுப்பில் வேறொருவருக்கும் அந்த நிறம் சரியாக வரவில்லை. அந்தக் கொப்பி என்னுடைய அலுமாரியில்தான் இருக்கிறது.

இன்றைக்கு இலிதியம் கைத்தொலைபேசி மின்கலத்துக்குள்ளும் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரியம், 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் மனம் தறிகெட்டு ஓடின நோயாளிகளுக்கு இலிதிய உப்பைக் கொடுத்து, அவர்கள் தெளிந்ததை எழுதியது. குஞ்சியப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அவர் வருத்தப்பட்ட காலத்தில் அந்த மருந்து உலகத்தில் இருந்தது. நாங்கள் நூல் கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகத் திரிந்தோம். அந்தக் கதை உனக்குத் தெரியும். ஆர் அந்தக் குளிசையைப் போட்டாலும் எனக்கு அவர்களில் மரியாதைதான்.

இதைக் கவனமாய் வாசி. சிறுநீரகம் இலிதியத்தையும் சோடியத்தைப் போலத்தான் நடத்தும். உடம்பில் உப்பும் தண்ணியும் குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும், கூடவே இலிதியத்தையும் பிடித்து வைத்துவிடும். இரத்தத்தில் லீற்றருக்கு 0.6க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் நின்றால் மருந்து. 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவுதான். சத்தி வரும், கை உதறும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். ஆறு நாள் வெறுந்தண்ணியில் இருந்தால் உப்பு எங்கிருந்து வரும், பிள்ளை?

தலையிடிக்கு ஐபுபுரோபன் போடுகிற பழக்கத்தையும் விடு. அதுவும் இலிதியத்தை ஏற்றும். பனடோல் போதும். விரதத்துக்காக எந்த மருந்தையும் சடுதியாக நிற்பாட்டவும் கூடாது.

வேலை கிடைத்ததை முதலில் எனக்குத்தான் சொன்னாய். வீடு வாங்கினதையும் எனக்குத்தான் சொன்னாய். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது இரவிரவாய் எழும்பித் தண்ணி குடித்தாய், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டால் சொல்லியிருப்பாயோ தெரியாது. கேட்காமலே சொல்லியிருக்கலாம்.

சஷ்டி தொடங்க முதல் உன்னுடைய வைத்தியரிடம் கதை. இரத்தம் கொடுப்பதென்றால் கடைசிக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துக் கொடு. தைரோயிட்டையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு. சாப்பாட்டில் உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சூரன்போருக்குக் கோயிலுக்குப் போ, ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போ. முருகன் ஒன்றும் சொல்லமாட்டார். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அவவுக்காக நீ பட்டினி கிடக்க வேண்டாம்.

இரத்தச் சோதனை முடிந்ததும் எனக்கு எடு. அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாய்ப் பார்த்து எடு.

அன்புடன்,
அப்பா