அச்சை நிறுத்துங்கள், முதலில் கையேட்டைத் திருத்துங்கள்

இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்கும் கருவியான குளுக்கோமீட்டருக்குக் கையேடு வெளியிடவிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். கையேட்டை ஐந்து பேரிடம் கொடுத்துக் கொக்கட்டிச்சோலையில் நடத்திய முன்னோட்டச் சோதனையின் அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. அதன்படி ஒரு வரியைக்கூடத் திருத்தாமல் கையேடு அச்சுக்குப் போகிறது என்று அறிந்த பிறகே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

"ஐந்து பேர்தானே" என்றீர்கள். புள்ளிவிவரம் திரட்ட ஐந்து பேர் போதாதுதான். ஆனால் குறைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க அவர்களே போதும் என்று பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். ஒரே இடத்தில் நான்கு பேர் இடறிய பிறகும் ஐம்பதாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

அந்த இடத்தைச் சொல்கிறேன். சீனி வருத்தத்தோடு பல வருடங்களாக வாழும் ஓர் அம்மா, மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவர், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வந்து அமர்ந்தார். கையேட்டில் விரல்வைத்து வரிவரியாக வாசித்தார். இரத்தத்துளியை ஏந்தும் சிறு பட்டையான ஸ்ட்ரிப்பைக் கருவியில் செருகினார், விரலில் குத்தினார், இரத்தத்துளியை வைத்தார். எல்லாம் கையேட்டில் உள்ளபடியே. திரையில் எண் வந்த பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது: சோதிக்குமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்தவும். பழச்சாறு ஒட்டிய விரலில் எடுத்த இரத்தம் உள்ளதைவிடக் கூடுதலான அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சீனி இறங்கி மயங்கி விழ நேரும். "நான்தான் பிழை விட்டுவிட்டேனா, மகள்?" என்று கேட்டார். பிழை அவருடையதல்ல. முதலில் வரவேண்டியதைக் கடைசியில் போட்டவர்களுடையது.

கை கழுவுவதை முதற்படியாக்குங்கள். அதுவரை அச்சிடாதீர்கள்.

சோதனையை நடத்திய விதமும் சரியில்லை. வந்திருந்த அலுவலர் ஒவ்வொருவரிடமும் "விளங்கியதா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அதிகாரி ஒருவர் அப்படிக் கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொன்ன ஒரு பெரியவர் அடுத்த நிமிடமே ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகச் செருகப் பார்த்தார். அலுவலர் தாமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "செய்து முடித்தார்" என்று குறித்துக்கொண்டார். தனியே இருக்கும் அந்த மனிதருக்கு வீட்டில் யார் திருப்பிக் கொடுப்பது?

இந்தக் கையேடு மட்டுமல்ல. பூச்சிமருந்தோடு வரும் தாளும் மானியப் படிவத்தோடு வரும் குறிப்பும் எங்கோ ஒரு மேசையில் எழுதப்பட்டு, அதே மேசையில் சரிபார்க்கப்பட்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு வந்து சேர்கின்றன. வாசிக்கப்போகிறவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கப் பணமில்லை என்கிறார்கள். பிழையோடு ஆயிரக்கணக்கில் அச்சிட மட்டும் எங்கிருந்து பணம் வருகிறது?

சினம் சொல்லில் தெறித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோக்கம் நல்லது என்பதை அறிவேன். தயவுசெய்து அச்சை நிறுத்துங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, படிகளை ஒழுங்காக்கி, திருத்திய தாளோடு மீண்டும் வாருங்கள். இம்முறை அலுவலர் உதவிக்கு வராமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். ஆட்களையும் இடத்தையும் நாங்கள் ஒழுங்குசெய்து தருகிறோம்.

இப்படிக்கு,
சோதனைக்கு உதவிய தொண்டர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு