டஸ்டர் டைமிங் பெல்ட்: நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போக விடாதே.

இனி வண்டி. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது, நீயே மாற்றலாமா என்று எழுதியிருந்தாய். நீ வாங்கியிருக்கும் 2014 டஸ்டர் டீசலில் இருப்பது 1,461 சிசி கே9கே இன்ஜின். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் இணைக்க, ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது போன்ற செயின் இதில் கிடையாது, டைமிங் பெல்ட்தான். செயின் தேய்ந்தால் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும். பெல்ட் அப்படி எதுவும் சொல்லாது. பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழை மட்டும் சோர்ந்துபோயிருக்கும். அறுந்த நொடியில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். அதற்குப் பிறகு அது பெல்ட் வேலை இல்லை, வால்வுகள் இருக்கும் ஹெட்டையே கழற்றும் வேலை. அதனால் பழைய ஓனரிடம் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று முதலில் கேள். "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் கணக்கில் எடுக்காதே. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வை. மேனுவலில் கிலோமீட்டர், வருஷம் இரண்டும் போட்டிருக்கும். எது முந்துகிறதோ அதுதான் கெடு.

நீயே செய்யலாமா என்று கேட்டாய். உன் கைக்கு ஆகாத வேலை இல்லை. ஆனால் இதைத் தீர்மானிப்பது கைப்பழக்கமோ தைரியமோ அல்ல, லாக் பின் செட்; கேமும் கிராங்கும் சரியான இடத்தில் நிற்பதைக் காட்டும் பின்கள். கேம் புல்லி ஓட்டை வழியாக ஹெட்டுக்குள் போகும் 8 எம்எம் பின் ஒன்று. பிளாக்கில் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருகும் கிராங்க் பின் ஒன்று. இவையும் டார்க் ரெஞ்சும் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல், ஒயிட்னரால் மார்க்கு போட்டுப் பல் எண்ணி மாட்டுகிறேன் என்றால் வேண்டாம். ஒரு பல் தப்பினால் போதும்.

பொருள்: பெல்ட் மட்டும் வாங்காதே. இந்த இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். புது பெல்ட் போட்டு, பழைய பம்ப் ஆறு மாதத்தில் கசிந்தால் மொத்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளை), பம்ப் மூன்றும் சேர்ந்த கிட்டாக வாங்கு. பெட்டியைப் பிரித்ததும் பெல்ட்டின் பற்களை எண்ணிப் பார். 123 இருக்க வேண்டும், அகலம் 27 எம்எம். கிராங்க் போல்ட்டும் புதுசு வாங்கு. அப்புறம் நிறையப் பேர் விட்டுவிடுவது: ஆல்டர்நேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட். அது நார் நாராகப் பிரிந்தால், கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் கவருக்குள் போய்விடும். டைமிங் பெல்ட் பல் தாண்டும். டைமிங் பெல்ட் புதுசாக இருந்தும் இன்ஜின் போன வண்டிகளில் இந்தக் கதை உண்டு. கையோடு அதையும் அதன் டென்ஷனரையும் மாற்றிவிடு. ஒரகடத்தில் உற்பத்தியான வண்டி. டெரானோ, சன்னி டீசல், வெரிட்டோ எல்லாவற்றிலும் இதே இன்ஜின் குடும்பம்தான். பொருளுக்கு அலைய வேண்டியிருக்காது.

வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழற்று. வலது முன் சக்கரத்தையும் உள் மட்கார்டையும் எடு. ஆயில் சம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கிக்கொண்ட பிறகுதான் இன்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கும் வலது பக்க மவுன்ட்டில் கை வைக்கணும். வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டில், ஜாக்கியில் அல்ல.

கிராங்க் போல்ட்டைத் தளர்த்தும்போது பின்கள் உள்ளே இருக்கவே கூடாது. பின் என்பது இடம் காட்டத்தான். அந்த இறுக்கத்தைத் தாங்காது, வளையும், உடையும். ஐந்தாம் கியர் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும், அல்லது ஃப்ளைவீலை லாக் பண்ணு. இறுக்கும்போதும் இதே விதிதான்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. எனவே முதலில் கேம் ஓட்டை தன் இடத்தை நெருங்கட்டும், பிறகு கிராங்க் பின்னைத் திருகி, அதில் போய்த் தட்டும்வரை கடிகாரச் சுற்றில் மெல்லச் சுற்று. எதிர்ச் சுற்று வேண்டாம். டீசலை அழுத்தித் தரும் ஹை பிரஷர் பம்ப் புல்லியின் மார்க்கையும் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்.

பழைய பெல்ட்டைக் கழற்றியதும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீல், கேம் சீல் இரண்டையும் விரலால் தடவிப் பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீலையும் மாற்று; எண்ணெய் பட்ட பெல்ட் ஊறி, பல் உதிர்ந்துவிடும். புது பெல்ட்டை மடக்காதே, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதே. உள்ளிருக்கும் இழை அங்கேயே முறியும். டென்ஷனரின் பின்பக்கக் கொக்கி தன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்.

6 எம்எம் ஆலன் கீயால் டென்ஷனரைத் திருப்பி, அதிலிருக்கும் முள்ளைக் குறிக்குக் கொண்டுவந்து இறுக்கு. பின்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. மறுபடி பின் போட்டுப் பார். சிரமமில்லாமல் நுழைந்தால் சரி. நுழையவில்லையா, கண்ணுக்கு மார்க்கு சரியாகத் தெரிந்தாலும் திரும்ப மாட்டு. முள் நகர்ந்திருந்தால் ஆலன் கீயைப் பிடித்தபடி டென்ஷனரைத் தளர்த்தி, முள்ளைக் குறியின் நடுவுக்குக் கொண்டுவந்து கடைசியாக இறுக்கு. டார்க் அளவை கிட்டோடு வரும் தாளில் பார். கிராங்க் போல்ட் எம்12, எம்14 என்று இரண்டு வகை, அளவும் வேறு வேறு. எக்காரணம் கொண்டும் முதல் சுற்றை ஸ்டார்ட்டரால் சுற்றிச் சோதிக்காதே.

கூலன்ட் வடிக்கும்போதே அளந்து வை. அதே அளவு திரும்ப உள்ளே போகவில்லை என்றால் எங்கோ காற்று நிற்கிறது.

ஒர்க்ஷாப்பில் விடுவதென்றால் ஒரே கேள்வி கேள்: "கே9கே லாக் பின் இருக்கா? காட்டுங்க." எடுத்துக் காட்டுபவருக்குக் கேட்ட கூலியைக் கொடு, பேரம் பேசாதே. "அதெல்லாம் மார்க்கு போட்டே மாட்டிடுவோம்" என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. கிட்டை நீயே வாங்கிக் கொடு. பழைய பெல்ட், பம்ப், டென்ஷனர் மூன்றையும் கேட்டு வாங்கு. பில்லில் தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பர் இருக்கட்டும்.

உன்னிடம் பின் செட் இல்லை, மழையும் தொடங்கப் போகிறது, திறந்தவெளியில்தான் நிறுத்துகிறாய். இந்த முறை வெளியே கொடுப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. பெல்ட் மாற்றும்வரை திருநெல்வேலிப் பயணத்துக்கு பஸ்ஸைப் பிடி.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி